கிரேடு 2 லிஸ்டட் வீட்டில் கை வைக்கும் முன் யாரிடம் முதலில் போவது?

தேம்ஸ்கரை

வணக்கம். இங்கிலாந்துல கென்ட் பக்கம் ஒரு கிரேடு 2 லிஸ்டட் வீடு, அதாவது பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம்னு அரசுப் பட்டியல்ல இருக்கிற வீடு, வாங்கியாச்சு. வரிசை வீடுகள்ல கடைசி வீடு. செங்கல் முகப்பு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதின்னு பட்டியல்ல இருக்கு. செய்ய நினைக்கிறது மூணு வேலை.

சமையலறைக்கும் பின் அறைக்கும் நடுவுல இருக்கிற சுவரை எடுத்து ஒரே அறையாக்கணும். முன்பக்க சாஷ் ஜன்னல் (மேலும் கீழும் நகர்த்தித் திறக்கிறது) நாலும் ஒற்றைக் கண்ணாடி, அதுக்கு டபுள் கிளேசிங், அதாவது ரெட்டைக் கண்ணாடி, போடணும். முன் சுவர்ல உள்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஈரம், பூச்சு உப்புப் பூத்து உதிருது. இலவசமா சர்வே பண்ண ஒரு கம்பெனி, சுவர்ல துளை போட்டு கெமிக்கல் ஏத்தி, மேல நீர்புகாப் பூச்சு பூசணும்னு எழுதிக் கொடுத்திருக்கு.

"லிஸ்டிங் எல்லாம் முகப்புக்குத்தான், உள்வேலைக்கு யாரையும் கேக்க வேண்டாம்"னு பில்டர் சொல்றார். பட்டியல்ல பார்த்தா நாலே வரி, எல்லாம் கதவு, ஜன்னல், கூரை பத்தித்தான். போதாததுக்கு பின்பக்க ஜன்னல் ஒண்ணு யூபிவிசி பிளாஸ்டிக், முன்னாடி இருந்தவங்க போட்டது.

கவுன்சில், ஆர்க்கிடெக்ட், சர்வேயர், இன்ஜினியர், இதுல யாரிடம் முதல்ல போகணும்? போகும்போது கையில என்ன இருக்கணும்?

---

கோப்புக்கட்டு

பில்டர் சொன்னதை முதல்ல ஒதுக்கி வைங்க. முகப்பு மட்டும் லிஸ்டட் ஆகுறதுன்னு ஒண்ணு கிடையாது. கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2 எதுவானாலும் கட்டடம் முழுக்க, உள்ளும் புறமும், பாதுகாப்புல வரும். படிக்கட்டு, உள்கதவு, கணப்படுப்பு, கூரைச் சட்டம், பின்னாடி சேர்த்த சமையலறை எல்லாமே. வளவுக்குள்ள 1948 ஜூலை 1க்கு முன்னாடியிருந்தே நிக்கிற மதில், கொட்டகைகூட பெரும்பாலும் அதே கணக்குல சேர்ந்துடும்.

நாலு வரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய பதிவுகள் எந்தக் கட்டடம்னு அடையாளம் காட்ட எழுதினவை. நிறைய பதிவுகள் தெருவுல நின்னு பார்த்தே எழுதப்பட்டவை. உள்ளே இருக்கிறதை எழுதலைன்னா உள்ளே மதிப்பு இல்லைன்னு அர்த்தம் வராது. 2013 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு வந்த பதிவுகள்ல ஒரு பகுதியை வெளிப்படையா விலக்கி எழுத வழி உண்டு. நாலு வரிப் பதிவுல அதை எதிர்பார்க்காதீங்க.

கட்டடத்தோட தனித்தன்மையைத் தொடுற எந்த மாற்றத்துக்கும் கவுன்சிலோட லிஸ்டட் பில்டிங் கன்சென்ட்ங்கிற அனுமதி வேணும். இது பிளானிங் பெர்மிஷன்லேருந்து தனி. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆனா இல்லாம வேலை செஞ்சா லிஸ்டட் கட்டடங்களுக்கான 1990 சட்டத்தின் 9ஆம் பிரிவுல குற்றம். கிரௌன் கோர்ட் வரை போனா 2 வருஷம் வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. செய்யச் சொன்னவர் மட்டுமில்லை, செய்தவரும் மாட்டுவார். இதை பில்டர்கிட்ட ஒரு தடவை சொல்லிப் பாருங்க, பேச்சு மாறும்.

இப்ப அந்த யூபிவிசி ஜன்னல். அனுமதி இல்லாம போட்டிருந்தா, நீங்க போடலை, அதனால உங்க மேல வழக்கு வராது. ஆனா பழையபடி ஆக்குன்னு அமலாக்க நோட்டீஸ் இன்றைய உரிமையாளருக்குத்தான் வரும். சாதாரண பிளானிங் மீறலுக்குக் காலவரம்பு உண்டு, லிஸ்டட் கட்டடத்துக்கு அது கிடையாது. முப்பது வருஷம் ஆனாலும் கேக்கலாம்.

அதனால கவுன்சிலுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை இருக்கு. வீடு வாங்கும்போது சொலிசிட்டர் இன்டெம்னிட்டி பாலிசி, அதாவது அனுமதி இல்லாத பழைய வேலையால வர்ற இழப்புக்கான காப்பீடு, எடுத்தாரான்னு கேளுங்க. எடுத்திருந்தா அதோட நிபந்தனையைப் படிங்க. உரிமையாளரே கவுன்சிலைத் தொடர்பு கொண்டா பாலிசி செல்லாதுன்னு பெரும்பாலான பாலிசிகள்ல ஒரு வரி இருக்கும். அடுத்தது, கவுன்சில் இணையதளத்துல உங்க முகவரியோட பிளானிங் வரலாறு. பழைய கன்சென்ட் இருந்தா அதோட வரைபடத்தை எடுத்து, அறை அறையா நடந்து ஒப்பிட்டுப் பாருங்க. வரைபடத்துல இல்லாதது வீட்டுல இருந்தா குறிச்சுக்குங்க.

இது முடிஞ்சதும் ப்ரீ-ஆப், அதாவது விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனைக்கு கவுன்சிலோட கன்சர்வேஷன் ஆபீசரை (பழைய கட்டடப் பாதுகாப்பு அதிகாரி) பாருங்க. இதுக்கு பெரும்பாலான கவுன்சில்கள்ல கட்டணம் உண்டு, ஊருக்கு ஊர் மாறும்.

நான் சொன்னது இங்கிலாந்து நிலவரம். ஸ்காட்லாந்துல வகை பிரிக்கிறதே ஏ, பி, சி. இதை அப்படியே அங்க பொருத்தாதீங்க.

---

சுண்ணாம்புச்சட்டி

கோப்புக்கட்டு சொன்னதிலை ஒரு இடத்திலை எனக்கு உடன்பாடில்லை. ப்ரீ-ஆப்புக்கு வெறுங்கையோட போகாதேங்கோ. கன்சர்வேஷன் ஆபீசர் கட்டடத்தின்ரை பக்கம் நிக்கிற ஆள், உங்கடை ஆலோசகர் இல்லை. உங்கடை வீட்டிலை என்ன கிடக்கு எண்டு உங்களுக்கே தெரியாமல் அவரைக் கூப்பிட்டால், தெரியாததுக்கெல்லாம் "வேண்டாம்" எண்டுதான் பதில் வரும். முதல் ஆள் பழைய கட்டடம் தெரிஞ்ச சர்வேயர். ஆர்.ஐ.சி.எஸ். எண்ட சர்வேயர்கள் அமைப்பிலை கட்டடப் பாதுகாப்புக்கு எண்டு தனி அங்கீகாரம் இருக்கு, அது உள்ளவரைத் தேடுங்கோ. வீடு வாங்கேக்கை எடுத்த மோர்ட்கேஜ் மதிப்பீட்டை சர்வே எண்டு நினைச்சிருந்தால் அதை மறந்திடுங்கோ.

இப்ப ஈரம். அந்த இலவச சர்வே இலவசமில்லை. மருந்து விக்கிறவனே வைத்தியம் பாத்த கதை. அவை சுவரிலை ரெண்டு முள்ளைக் குத்திப் பாக்கிற மீட்டர் மரத்துக்கு அளவு வைச்சது. செங்கல்லிலை, பூச்சிலை உப்பு இருந்தால் ஈரம் குறைவாக இருந்தாலும் முள்ளு சிவப்புக்கு ஓடும். உங்கடை சுவர் உப்புப் பூத்துக் கிடக்கு எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். பிறகு அந்த அளவை வைச்சு என்ன முடிவு எடுக்கிறது? உண்மையான அளவு வேணுமெண்டால் சுவரைத் துளைச்சுத் தூள் எடுத்து, கார்பைட் மீட்டரிலை அல்லது ஆய்வுகூடத்திலை நிறுத்துப் பாக்க வேணும். வெவ்வேறு உயரத்திலை, மேற்பரப்பிலையும் உள்ளாழத்திலையும் எடுக்க வேணும். மேற்பரப்பிலை மட்டும் ஈரம் கூட இருந்தால் அது பெரும்பாலும் அறைக்குள்ளை ஆவி படியிறது. ஆழத்திலை கூட இருந்தால் வெளியாலை வருது.

ஆனால் அதுக்கும் முதல் வெளியாலை போய் நில்லுங்கோ. ஒரு காசும் செலவில்லை.

வெளித் தரை உள்தரையை விட எவ்வளவு கீழே இருக்கு எண்டு அளவுங்கோ. குறைஞ்சது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேணும், 200 எண்டால் இன்னும் நல்லது. நூறு, இருநூறு வருசமாய் நடைபாதையை மேலை மேலை போட்டுப் போட்டு, கனக்க இடத்திலை வெளித்தரை உள்தரைக்குச் சமமாய் வந்து நிக்குது. வார்ப்பிரும்புத் தண்ணிக் குழாயின்ரை முதுகுப் பக்கத்தை, சுவரைப் பாத்த பக்கத்தை, சின்னக் கண்ணாடி பிடிச்சுப் பாருங்கோ. முன்பக்கம் பெயின்ற் பளபளக்கும், பின்னாலை பெயின்ற் தூரிகை போகாத இடத்திலை துருப்பிடிச்சு நீட்டுக்கு வெடிச்சிருக்கும். மழை பெய்யேக்கை குடை பிடிச்சுக்கொண்டு போய்ப் பாத்தால் எல்லாம் விளங்கும்.

பிறகு செங்கல் இடைவெளியைப் பாருங்கோ. சாம்பல் நிறத்திலை, திறப்பாலை (சாவியாலை) கீறினால் கோடு விழாமல் இருந்தால் அது சீமெந்து. உதிர்ந்தால், வெள்ளைப் புள்ளி தெரிஞ்சால் சுண்ணாம்பு. 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் மெது. சுண்ணாம்புச் சாந்து அதைவிட மெது, சுவருக்குள்ளை போன தண்ணி அந்தச் சாந்து வழியாகத்தான் வெளியேறும். அதை அடைச்சு சீமெந்து வைச்சால் தண்ணி செங்கல் வழியாக வரத் தொடங்கும். செங்கல்லின்ரை தோலுக்குப் பின்னாலை உப்புக் கட்டிபடும், மாரியிலை உறையும். பிறகு செங்கல் முகம் பிஸ்கட் மாதிரித் தகடாய்க் கழண்டு விழும், சீமெந்துக் கோடு மட்டும் சட்டம் மாதிரித் துருத்திக்கொண்டு நிக்கும். இதைப் பாத்த சுவரை ஒருக்காலும் மறக்க மாட்டியள்.

உள்ளுக்கும் இதே கதைதான். நீர்புகாப் பூச்சு பூசினால் ஈரம் போகாது, பூச்சு நிக்கிற உயரத்துக்கு மேலை ஏறும். அல்லது பக்கத்திலை கிடக்கிற தரை உத்திரத்தின்ரை முனைக்குப் போய் அதை உக்க வைக்கும். துளை போட்டு மருந்து ஏத்திறதுக்கும் கன்சென்ட் தேவைப்படலாம், தெரியுமோ? கேளாமல் கையெழுத்து வைக்காதேங்கோ.

எஸ்.பி.ஏ.பி. எண்டு 1877இலை வில்லியம் மொறிஸ் தொடக்கின அமைப்பு ஒண்டு இருக்கு. பழைய கட்டடத் தொழில்நுட்பக் கேள்விகளுக்குத் தொலைபேசியிலை இலவசமாகப் பதில் சொல்லுவினம். ஈரம் பற்றி முதல் கேள்வியை அங்கை கேளுங்கோ, அவைக்கு உங்களுக்கு விக்க ஒரு மருந்தும் இல்லை.

---

உத்திரம்

ஈரத்துக்கு மேலே சொன்னது போதும். நான் சுவரையும் ஜன்னலையும் சொல்றேன்.

சுவரைத் தட்டிப் பார்த்து "சும்மா தடுப்புதான், எடுத்துடலாம்"னு பழைய வீட்டுல சொல்லவே கூடாது. மரச் சட்டத்துல லாத், அதாவது மெல்லிய மரப்பட்டை, அடிச்சுப் பூசின தடுப்பு கட்டினப்போ எடை தாங்காததா இருந்திருக்கலாம். இருநூறு வருஷத்துல மேல்தள உத்திரம் வளைஞ்சு, அதுமேல உக்கார்ந்து, இன்னைக்கு அது தாங்குற சுவரா மாறியிருக்கும். மேல்மாடியில நேரா அதுக்கு மேல இன்னொரு தடுப்பு இருக்கான்னு பாருங்க. தரைப் பலகை எந்தத் திசையில ஓடுதுன்னு பாருங்க, பலகைக்குக் குறுக்கேதான் உத்திரம் ஓடும். உத்திரத்தோட முனை அந்தச் சுவர்ல வந்து நின்னா கதை வேற.

வழக்கமான இன்ஜினியர் ஒரு ஸ்டீல் பீமைக் கணக்குப் போட்டுக் கொடுத்துடுவார். கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா பீமோட முனையைத் தாங்க கான்கிரீட் திண்டு வேணும், அதுக்குப் பழைய சுவரைக் குடையணும், பாரம் பரவி நின்னது ரெண்டு புள்ளியில வந்து குவியும். மெதுவான சுண்ணாம்புச் சுவர் அங்க நசுங்கும். பழைய கட்டடத்துக்குன்னு அங்கீகாரம் பெற்ற இன்ஜினியர்கள் கேர் பட்டியல்ல இருக்காங்க. சிவில், ஸ்ட்ரக்சுரல் ரெண்டு இன்ஜினியர் சங்கமும் சேர்ந்து நடத்துற பதிவேடு. ஆர்க்கிடெக்டுக்கு அதே மாதிரி ஏ.ஏ.பி.சி. பதிவேடு, இல்லைன்னா ஆர்க்கிடெக்டுகள் சங்கமான ஆர்.ஐ.பி.ஏ.யோட கன்சர்வேஷன் பதிவேடு.

இன்னொண்ணு, சுவர் முழுக்க எடுக்கணும்னு கேக்காதீங்க. ரெண்டு அறையா இருந்த அமைப்பே அந்த வீட்டோட வரலாறு, அதை அழிக்கிறதைத்தான் ஆபீசர் எதிர்ப்பார். ரெண்டு ஓரத்துலயும் அரை மீட்டர் போல சுவரை விட்டு, மேல ஒரு பட்டையையும் விட்டு, நடுவுல திறப்பு மட்டும் கேட்டா பேச இடமிருக்கும். அந்தச் சுவர் 1970கள்ல போட்ட பிளாஸ்டர்போர்டுன்னு நிரூபிக்க முடிஞ்சா இன்னும் சுலபம். அதுக்காக நீங்களே ஓட்டை போட்டுப் பார்க்காதீங்க, திறந்து பார்க்கிறதுக்கும் அனுமதி தேவைப்படலாம். பழைய ஸ்விட்ச் பெட்டிக்குள்ள டார்ச் அடிச்சாலே லாத்தா போர்டான்னு தெரிஞ்சுடும். மின்சாரத்தை மெயின்ல நிறுத்திட்டுத்தான்.

கென்ட்ன்னு சொன்னதால ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கமும் சசெக்ஸ்லயும் செங்கல் மாதிரியே தெரியுற முகப்பு சில வீடுகள்ல செங்கல்லே இல்லை. மேத்தமேட்டிகல் டைல்ஸ்னு, பழைய மரச்சட்ட வீட்டுமேல தொங்கவிட்ட ஓடு. ஜன்னல் ஓரத்துல, கட்டடத்தோட முனையில மரப்பட்டை வச்சு ஓட்டு விளிம்பை மறைச்சிருந்தா சந்தேகப்படுங்க. விரல் மடக்கித் தட்டினா உள்ளே வெறுமையா சத்தம் வரும். அப்படி இருந்தா அந்த முன் சுவர் ஈரத்தோட கதையே மாறும், உள்ளே மரம் உக்கிட்டிருக்கலாம். எந்த சர்வேயரா இருந்தாலும் முதல் கேள்வியா இதைக் கேளுங்க.

ஜன்னல். பழைய சாஷ்ல கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவுல இருக்கிற மரப்பட்டைகள் ரொம்ப மெலிசு, பல இடத்துல 20 மில்லிமீட்டருக்கும் கீழ. ரெட்டைக் கண்ணாடிக்கு அதுல இடம் இல்லை, விளிம்பை மறைக்கப் பட்டை தடிக்கணும், முகமே மாறிடும். கண்ணாடி எடை ஏறக்குறைய ரெட்டிப்பாகும், சாஷோட எடையைச் சமன் செய்ய ஓரப் பெட்டிக்குள்ள தொங்குற எடைக்கட்டை போதாது, இரும்புக்குப் பதில் ஈயம் போடணும். கண்ணாடியைச் சாய்வா பாருங்க. எதிர்வீட்டுக் கூரைவரி நெளிஞ்சு தெரிஞ்சா அது கையால ஊதின பழைய கண்ணாடி. அதைக் கழட்டச் சொன்னா எந்த ஆபீசரும் சம்மதிக்க மாட்டார், எனக்கும் மனசு வராது. உள்பக்கமா செகண்டரி கிளேசிங், அதாவது தனியா இன்னொரு கண்ணாடிச் சட்டம், போடுங்க. அது பெரும்பாலும் ஒத்துக்கப்படும், சத்தமும் குறையும். ஒரு தப்பு மட்டும் செய்யாதீங்க, வெளி சாஷை இறுக்கமா அடைச்சு உள் சட்டத்துல இடுக்கு விடுறது. அறையோட ஆவி நடுவுல புகுந்து பழைய கண்ணாடியில தண்ணியாப் படியும், அடிக்கட்டை உக்கும். உள்ளது இறுக்கமா, வெளியது கொஞ்சம் மூச்சு விடுற மாதிரி இருக்கணும். ஜன்னலுக்கு உள்பக்கம் மடிச்சு வைக்கிற பழைய மரக்கதவு (ஷட்டர்) ஓரப் பெட்டிக்குள்ள பெயின்ட் பூசி மூடிக் கிடந்தா அதை முதல்ல மீட்டெடுங்க.

---

தேம்ஸ்கரை

எல்லாருக்கும் நன்றி. தட்டிப் பார்த்தேன், செங்கல்தான், வெறுமைச் சத்தம் இல்லை. வெளித்தரைக்கும் உள்தரைக்கும் 40 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஈரத்துக்கு அங்கேயே விடை கிடைச்ச மாதிரி இருக்கு.

ரெண்டு கேள்வி. ப்ரீ-ஆப்ல சரின்னு எழுதிக் கொடுத்தா அதை நம்பி வேலை ஆரம்பிக்கலாமா? ஆர்க்கிடெக்ட் மொத்தச் செலவுல சதவீதம் கேக்குறார், அது வழக்கமா?

---

கோப்புக்கட்டு

ப்ரீ-ஆப் பதில் ஒரு அபிப்பிராயம்தான், கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. அதை வச்சு ஒரு ஆணிகூடப் பிடுங்காதீங்க. ஆனா எழுத்துல வாங்குங்க, விண்ணப்பத்தோட இணைங்க. சுண்ணாம்புச்சட்டி சொன்ன வரிசைக்கு நான் தலையாட்டுறேன். சர்வேயர் அறிக்கையோட போனா ஒரே சந்திப்புல வேலை முடியும்.

விண்ணப்பத்துக்கு வேண்டியது: 1:1250 இட வரைபடம், மனை வரைபடம், இன்னைக்கு இருக்கிறது ஒரு தாள், மாறப்போறது ஒரு தாள்னு 1:50 அளவுல தரைப்படமும் வெட்டுத் தோற்றமும், டிசைன் அண்ட் அக்சஸ் அறிக்கை, ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்ட். தள்ளுபடி ஆகுற விண்ணப்பங்கள் பல இந்தக் கடைசித் தாள்லதான் தடுக்கி விழும். வீட்டு வரலாற்றை ரெண்டு பக்கம் எழுதிட்டு நிறுத்திடுவாங்க. கேக்குறது அது இல்லை. நீங்க தொடுற அந்தச் சுவர் எந்தக் காலத்தது, அதுக்கு என்ன மதிப்பு, மாற்றத்தால என்ன போகுது, ஏன் வேற வழி இல்லை, இந்த நாலும் வேணும். உள்ளூர் ஆவணக்காப்பகத்துல அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயோட பழைய வரைபடம் கிடைக்கும். பின் அறை எந்தப் பதிப்புல முதல்ல தலைகாட்டுதுன்னு பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில்.

முடிவுக்கு சட்டப்படி 8 வாரம், நடைமுறையில தாண்டும். மறுத்தா 6 மாதத்துக்குள்ள மேல்முறையீடு. கிடைச்ச கன்சென்ட் வழக்கமா 3 வருஷம் செல்லும். கிடைச்சதும் குதிக்க வேண்டாம், நிபந்தனைகளைப் படிங்க. 'வேலை தொடங்கும் முன்' சாந்தோட சாம்பிளுக்கும் கதவு விவரத்துக்கும் ஒப்புதல் வாங்கணும்னு இருக்கும். அதை மீறினாலும் அதே 9ஆம் பிரிவுதான்.

கன்சென்ட் இருந்தா மத்ததெல்லாம் அடங்கிடும்னு நினைக்காதீங்க. பில்டிங் ரெகுலேஷன்ஸ், அதாவது கட்டட விதிகள், தனி. பக்கத்து வீட்டோட பொதுச் சுவர்ல பீம் நுழைச்சா 1996 பார்ட்டி வால் சட்டப்படி 2 மாதம் முன்னாடி நோட்டீஸ். பரண்ல வௌவால் எச்சம் இருந்தா அதுக்கும் தனி சர்வே, அது கோடை மாதங்கள்ல மட்டும்தான் முழுசா நடக்கும், தவறவிட்டா ஒரு வருஷம் போச்சு. அனுமதி பெற்ற மாற்றத்துக்கு வாட் வரி இல்லைன்னு இன்னும் சிலர் சொல்வாங்க. அந்தச் சலுகை 2012 அக்டோபர் 1ஆம் தேதியோட போச்சு. பட்ஜெட்ல 20 சதவீதம் சேருங்க. காப்பீட்டுக் கம்பெனிக்கும் வேலை தொடங்கும் முன் எழுதிடுங்க.

சதவீதக் கட்டணம் வழக்கம்தான். ஆனா முதல் கட்டத்துக்கு அது வேண்டாம். அளவெடுப்பு, ஹெரிட்டேஜ் ஸ்டேட்மென்ட், விண்ணப்பம் வரைக்கும் மொத்தமா ஒரு தொகை பேசி நிறுத்துங்க. கன்சென்ட் வந்த பிறகு மேற்பார்வைக்குத் தனி ஒப்பந்தம். "இதே கவுன்சில்ல கடைசியா எந்த லிஸ்டட் வேலைக்கு அனுமதி வாங்கினீங்க?"ன்னு கேளுங்க. விண்ணப்ப எண் சொன்னா இணையத்துல எடுத்துப் படிச்சுடலாம். இழுத்தார்னா அடுத்த ஆள்.

---

சுண்ணாம்புச்சட்டி

40 மில்லிமீட்டர் எண்டால் வேறை மருந்து தேடத் தேவையில்லை. உங்கடை நிலமெண்டால் வெளித்தரையை இறக்கலாம். கவுன்சில் நடைபாதை எண்டால் சுவரோரம் கிடக்கிற சீமெந்துச் சரிவையாவது எடுக்க முடியுமோ எண்டு ஆபீசரிட்டைக் கேளுங்கோ. அத்திவாரம் ஆழமில்லாத வீடுகள், சுவரோரம் கிண்டேக்கை முதல்லை ஒரு சின்னக் குழி எடுத்து அடிவரி எங்கை நிக்குது எண்டு இன்ஜினியருக்குக் காட்டிப்போட்டுத் தொடருங்கோ.

உள்பூச்சைச் சுண்ணாம்பிலை திருப்பிப் பூச அவசரப்படாதேங்கோ. சுவர் காய மாதக்கணக்கு, சில வேளை வருசம் தாண்டும். வெளிச் சாந்துக்குப் பழைய துண்டு ஒரு கைப்பிடி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினால் மணலின்ரை நிறமும் பருமனும் சொல்லுவினம், ஆபீசர் கேக்கிற சாந்துச் சாம்பிளுக்கும் அது உதவும். மெதுச் செங்கல்லுக்கு என்.எச்.எல். 5 எண்ட, தண்ணியிலை இறுகிற சுண்ணாம்பை ஆரும் கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கோ, அது கடினம். என்.எச்.எல். 2 அல்லது சுண்ணாம்புக் களிதான் அதுக்கு ஏற்றது. சீமெந்தை எடுக்க கிரைண்டர் பிடிக்க விடாதேங்கோ, செங்கல் ஓரம் பறந்திடும், உளியும் சுத்தியலும் போதும். 5 பாகை செல்சியசுக்குக் கீழே, உறைபனி வாற காலத்திலை சாந்து வைக்கக் கூடாது. கன்சென்ட் ஐப்பசி, கார்த்திகையிலை கிடைச்சால் குழாயையும் பீலியையும் திருத்திப்போட்டு, மிச்சத்தை வசந்தத்துக்கு வைச்சிருங்கோ.